அணில் கடித்த இலை

தேக்கங்காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் வாழ்ந்தது. அதில் மருளி என்ற பெண்மான் எதையும் லேசில் நம்பாது. காற்று அசைந்தால் காதை நிமிர்த்தும். காற்று அசையாவிட்டால், "ஏன் அசையவில்லை?" என்று இன்னும் நிமிர்த்தும்.

"மருளி தன் நிழலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கூட வர விடும்!" என்று மற்ற மான்கள் கேலி செய்யும்.

அந்த ஆண்டு கோடை பொல்லாததாக இருந்தது. ஓடை வற்றிப் போனது. இரண்டே இடங்களில்தான் தண்ணீர் மிஞ்சியது. பக்கத்துச் சரிவில் ஒரு மூங்கில் மடு. தொலைவில், பாறை மேட்டுக்கு அப்பால் பெரிய குளம். இரண்டில் எங்கே சிறுத்தை படுத்திருக்கிறது என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. மர உச்சியில் வாழும் மலையணிலுக்கு மட்டுமே தெரியும்.

முன்பெல்லாம் அணில் சொன்ன செய்தி வாய்வழியாக வரும். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு மாறுவதற்குள் குளம் மடுவாகும், மடு குளமாகும். அப்படித் தப்பான இடத்துக்குப் போன சில மான்கள் திரும்பவில்லை. மருளியின் அக்காளும் திரும்பவில்லை.

அதனால் அணில் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தது.

"இனி தேக்கிலையில் செய்தி அனுப்புகிறேன். வலப்பக்கம் துளை இருந்தால் குளத்துக்குப் போகலாம். இடப்பக்கம் இருந்தால் மடுவுக்குப் போகலாம். இரண்டு பக்கமும் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம்."

"துளையை யார் வேண்டுமானாலும் போடலாமே!" என்றது மருளி.

"அப்படிக் கேள்! ஒவ்வொரு துளையை ஒட்டியும் ஒரு நரம்பு ஓடும். அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டே இலையின் விளிம்புக்குப் போ. அது முடிகிற இடத்தில் நான் ஒரு கடி கடித்திருப்பேன். யாராவது புதுத் துளை போட்டால் அதற்குக் கடி இருக்காது."

"கடியையும் யாராவது கடித்துவிட்டால்?"

மற்ற மான்கள் அலுத்துக்கொண்டன. அணில் அலுத்துக்கொள்ளவில்லை. நேரே மான்கள் கூடும் புங்கமரத்துக்கு வந்து, எல்லோரும் பார்க்க அதன் பட்டையில் ஒரு கடி கடித்தது. அணிலின் முன்பற்களுக்கு நடுவே கோணலான இடைவெளி ஒன்று உண்டு. அதனால் கடித்த இடத்தின் நடுவில் மெல்லிய கீற்று ஒன்று சாய்வாக, அறுபடாமல் நின்றது.

"என் பல்லின் தடத்தைக் காடே பார்க்கட்டும். பல் மட்டும் என் வாயை விட்டு எங்கும் போகாது. பழைய இலையைக் காட்டி ஏமாற்றவும் முடியாது, வாடியிருக்கும். ஆகவே இலையை யார் கொண்டுவந்தாலும் கவலையில்லை. துளையைப் பாருங்கள், நரம்பைப் பிடியுங்கள், கடியை இந்தத் தடத்தோடு ஒப்பிடுங்கள்!"

முதலில் எல்லா மான்களும் ஒப்பிட்டுப் பார்த்தன. பிறகு கடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தன. பிறகு, கூட்டத்தின் தலைவனான கவைக்கொம்பன் ஒரு பார்வை பார்த்தால் போதும் என்றாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் நரி வந்து சேர்ந்தது. "வயதான அணிலை எதற்கு மரத்தைவிட்டு இறங்கவைக்க வேண்டும்? அது இலையைக் கீழே போட்டால் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்!" என்றது.

"நரியையா நம்புவது?" என்று கேட்டது மருளி.

"நரியை யார் நம்பச் சொன்னது? கடியை நம்பு!" என்றது கவைக்கொம்பன். "யார் கொண்டுவந்தாலும் கவலையில்லை என்று அணிலே சொல்லிவிட்டதே!"

நரியும் நாள் தவறாமல் இலையைக் கொண்டுவந்தது. மருளி மட்டும் ஒவ்வொரு இலையையும் புங்கமரத்தடியில் வைத்து ஒப்பிட்டது. ஒவ்வொன்றும் பொருந்தியது.

"இன்றைக்கும் பொருந்திவிட்டதா தங்கச்சி? பாவம், உனக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும்!" என்று நரி சிரிக்கும். மான்களும் சேர்ந்து சிரிக்கும்.

ஒரு நாள் மாலை நரி மூச்சிரைக்க ஓடி வந்தது. "நல்ல செய்தி! இரண்டு பக்கமும் துளை! பக்கத்தில் இருக்கும் மடுவுக்கே போகலாம்!"

மான்கள் துள்ளின. மருளியின் நெஞ்சும் துள்ளியது. அதன் குட்டி பொட்டு காலையிலிருந்து எழுந்து நிற்கவே தள்ளாடியது. தாகத்தால் மருளியின் மடியில் பால் வற்றிவிட்டது. மடு கூப்பிடு தூரம்தான். குளத்துக்கோ பாறை மேட்டில் ஏற வேண்டும். பொட்டு ஏறுமா? பாதியில் விழுந்துவிட்டால்?

'இந்தச் செய்தி உண்மையாக இருக்க வேண்டும்' என்று மருளி ஆசைப்பட்டது. அந்த ஆசையின் மேல்தான் அதற்கு முதல் சந்தேகம் வந்தது.

கவைக்கொம்பன் இலையை எட்டிப் பார்த்தது. "கடி இருக்கிறது. கிளம்புங்கள்!"

"கொஞ்சம் பொறுங்கள், தலைவரே!"

"ஆரம்பித்துவிட்டாயா?"

மருளி இலையின் மேல் மூக்கை வைத்தது. வலப்பக்கத் துளை. அதன் நரம்பு. விளிம்பில் கடி. சரி. இடப்பக்கத் துளை. அதன் நரம்பு. விளிம்பு மொழுமொழுவென்று இருந்தது.

"இங்கே கடி இல்லை."

"அதுதான் அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறதே! ஓர் இலைக்கு ஒரு கடி போதாதா?" என்றது ஒரு தடித்த மான்.

"அந்தக் கடி அந்தத் துளைக்கு. இந்தத் துளைக்கு யார் பொறுப்பு?"

நரி பெருமூச்சு விட்டது. "அணிலுக்கு வயதாகிவிட்டது, தங்கச்சி. மறந்திருக்கும். உன் குட்டி நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கிறது. நீ இலையில் நரம்பு தேடிக்கொண்டிருக்கிறாய். நீயெல்லாம் ஒரு தாயா?"

மருளிக்குச் சுருக்கென்றது.

"அம்மா, மடுவுக்கே போலாம்மா," என்று முனகியது பொட்டு.

மருளியின் கால்கள் தாமாகவே சரிவுப் பக்கம் திரும்பின. அது குளம்பை மண்ணில் அழுத்தி ஊன்றிக்கொண்டது. "மறந்திருந்தால் அணிலிடமே கேட்கலாம்," என்றது.

"நீங்கள் ஏன் அலைய வேண்டும்? நானே ஓடிப்போய்க் கடி வாங்கி வருகிறேன்!" யாரும் பதில் சொல்வதற்குள் நரி இலையைக் கவ்விக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது.

சீக்கிரமே திரும்பியும் வந்துவிட்டது. அணிலின் மரத்தடிக்குப் போய்ச் சேரவே அந்த நேரம் போதாதே என்று மருளி நினைத்தது.

"இதோ! மறந்துவிட்டேன் என்று அணில் வருத்தப்பட்டது. இப்போது திருப்தியா?"

இடப்பக்க நரம்பு முடிகிற இடத்தில் ஒரு கடி இருந்தது. சரியான இடத்தில்தான் இருந்தது.

"இனி ஒரு பேச்சும் வேண்டாம், மருளி," என்றது கவைக்கொம்பன்.

"ஒரே ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்கிறேன், தலைவரே. பொருந்திவிட்டால் நான்தான் முன்னால் நடப்பேன். நானும் பொட்டுவும் முதலில் மடுவில் இறங்குகிறோம்."

கவைக்கொம்பன் தலையை அசைத்தது. மருளி இலையைப் புங்கமரத்தடியில் வைத்தது. பட்டையில் இருந்த தடத்தைப் பார்த்தது. வலப்பக்கக் கடியைப் பார்த்தது. நடுவில் சாய்வான கீற்று. அப்படியே பொருந்தியது. இடப்பக்கக் கடியைப் பார்த்தது. கீற்றே இல்லை. விளிம்பு பிய்ந்து கிடந்தது. இரண்டு ஓரங்களிலும் கூரான பல் இறங்கிய ஓட்டைகள் தெரிந்தன.

"வலப்பக்கம் கடித்தது அணில்," என்றது மருளி. "இடப்பக்கம் கடித்தது அணில் இல்லை."

கவைக்கொம்பன் மரத்தடிக்கு வந்தது. அந்தத் தடத்தை அது பார்த்து வெகுநாளாயிற்று. இப்போது குனிந்து நிதானமாகப் பார்த்தது. மறுபடியும் பார்த்தது. பிறகு ஒரு புது இலையைப் பறித்து நரியின் முன்னால் போட்டது.

"நரியாரே, இந்த இலையை ஒரு தடவை கடித்துக் காட்டும்."

"என்ன தலைவரே, என் மேலேயே..." என்று நரி வாயைத் திறந்தது. எல்லா மான்களும் அதன் பற்களையே உற்றுப் பார்த்தன. நரி சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"கடித்துக் காட்டும்!"

"ம்ம்... ம்ஹும்..." மூடிய வாயோடு பின்வாங்கிப் பின்வாங்கிப் போன நரி, புதர் வந்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியே போனது.

மான்கள் பாறை மேட்டை நோக்கி நடந்தன. பொட்டு நான்கு அடிக்கு ஒருமுறை தடுக்கி விழுந்தது. மருளி அதை மூக்கால் தள்ளித் தள்ளி நிமிர்த்தியது. செங்குத்தான இடத்தில் கவைக்கொம்பன் பின்னால் வந்து நின்று, பொட்டு சறுக்காமல் தாங்கிக்கொண்டது.

பாதி மேடு ஏறியபோது, கீழே மூங்கில் மடுவிலிருந்து மரம் அறுப்பதுபோல ஓர் உறுமல் எழுந்தது. சிறுத்தை! இரை வராத கோபம் அதன் குரலில் தெரிந்தது. அது தின்று போடும் மிச்சத்துக்காக அங்கே காத்திருந்த நரி, வாயை மூடிக்கொள்ள மறந்து கத்திக்கொண்டு ஓடும் சத்தமும் கேட்டது.

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

குளத்தின் கரையில் பொட்டு முழங்காலை மடித்து, வாயை நீருக்குள் முக்கிக் குடித்தது. மருளி சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தானும் குனிந்தது. தடித்த மான் அதன் அருகில் வந்து, "அந்த நரம்பை எப்படிப் பிடித்துக்கொண்டு போவது? நாளைக்கு எனக்கும் காட்டேன்," என்று மெதுவாகக் கேட்டது.

நீதி: முத்திரை இருக்கிறது என்பதற்காகவே எந்தச் செய்தியையும் நம்பிவிடாமல், அந்த முத்திரை உரியவருடையதுதானா, அந்தச் செய்திக்கு உரியதுதானா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்த்தே நம்ப வேண்டும்.