திறக்காத பை

“எந்தப் பை வாங்கட்டுங்க, டீச்சர்?”

கேட்டவர் திருமூர்த்தி. உடுமலைப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். வயது அறுபதைத் தொட்டுவிட்டது.

பதில் சொல்ல வேண்டியவர் எஸ்தர். அவருக்கு முப்பத்தைந்துகூட நிறையவில்லை. வால்பாறைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அவருடைய ஓட்டு வீடு. அவர் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்ல. காட்டைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே பெயராக நின்றுவிட்டது.

“மூணு பை வாங்கிட்டனுங்க. ஒண்ணு தோளை அறுக்குது. ஒண்ணுல பெரிய லென்ஸ் நுழையமாட்டேங்குது. இன்னொண்ணுல எல்லாமே நுழையுது, வேணும்கிறப்ப எதுவும் கைக்கு வரமாட்டேங்குது.”

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதைதான். காமிராவும் லென்சும் வாங்க அவருக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. பைக்கு ஒரு மழைக்காலமே போய்விட்டது.

எஸ்தர் அட்டைக்கடிக்குப் போடும் துணிக் காலுறைகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தப் பையில வெச்சு எதைப் படம் எடுக்கப் போறீங்கண்ணா?”

“இருவாச்சிப் பறவைங்க. கூட்டுக்கு இரை கொண்டாரப்ப.”

“எதுக்கு அது?”

திருமூர்த்தி தன் கைகளைப் பார்த்தார்.

“முப்பது வருசமா, கொஞ்சம் சிரிங்க, தாடையைத் தூக்குங்க, மாலையைச் சரி பண்ணுங்கன்னு சொல்லிச் சொல்லியே எடுத்துட்டனுங்க. நான் ஒண்ணும் சொல்லாம, தன்னால இருக்கிறதை ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்துரோணும். அடுத்த மாசம் முட்டிக்கு ஆப்பரேசன். அதுக்கப்புறம் மலை ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க.”

எஸ்தர் கடைசிக் காலுறையை உதறிப் போட்டார்.

“ஒரு கூட்டுக்கு ஒரு பருவத்துல ஒருத்தரைத்தான் கூட்டிட்டுப் போவேன். ஒரே ஒரு தடவை. சரியான பையோட வாங்க, போகலாம்.”

“எது சரின்னுதானுங்களே கேக்கறேன்.”

“நீங்க முதல் முதல்ல எந்தப் பைக்குள்ள இருந்தீங்க?”

“நானுங்களா?”

“நீங்கதான்.”

“பைக்குள்ளயா?”

எஸ்தர் உள்ளே போய்விட்டார்.



நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் திருமூர்த்தி அதையே நினைத்துக்கொண்டு இறங்கினார். மனிதன் எங்கே பைக்குள் இருந்தான்? தூளியைச் சொல்கிறாரா? இல்லை, செத்த பிறகு கட்டும் கோணியைச் சொல்கிறாரா?

வீட்டில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி மயிலாத்தாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, “என்னதான் கேட்டாங்க அந்தப் பிள்ளை?” என்றாள்.

சொன்னார்.

“இதுக்கா? எங்க அத்தை வயித்துக்குள்ளதான். கருப்பைன்னு ஆஸ்பத்திரியில எழுதியே போட்டிருக்கான். சோத்தைத் தின்னுங்க.”

திருமூர்த்தி தின்னாமலே எழுந்து பஸ் ஏறினார். போகும்போது, வீட்டிலிருந்த மூன்று பைகளையும் விட்டுவிட்டு, ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்றில் காமிராவைப் போட்டு எடுத்துக்கொண்டார்.



“கருப்பைங்க, டீச்சர்.”

“யார் சொன்னது?”

“சம்சாரம்.”

“பேசாம அவங்களையே அனுப்பியிருக்கலாம். சரி, கையில என்ன?”

“மஞ்சப்பைங்க. கருப்பைக்கு அறை ஒண்ணுதானுங்களே. தோள்வார் இல்லை, ஜிப் இல்லை, பேரு எழுதின சீட்டு இல்லை. எளிமையா இருக்கோணும்னு சொல்லாமச் சொல்றீங்கன்னு புரிஞ்சுக்கிட்டனுங்க.”

அவர் குரலில், பரீட்சையில் தேறிவிட்டவரின் பணிவு இருந்தது.

எஸ்தர் வாசலைக் காட்டினார். வெளியே மழை சரமாய் இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சப்பையின் அடி நனைந்து காமிராவின் வடிவம் துணிமேல் எழுந்து நின்றது.

“எந்தத் தாயாவது பிள்ளையை இப்படி நனைய விடுவாளாண்ணா?”

திருமூர்த்தி அவசரமாகக் காமிராவை வெளியே எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார்.

“அடுத்த வாரம் வாங்க,” என்றார் எஸ்தர். “அதுக்கு மேல தள்ள முடியாது. தெற்கால மழை பிடிச்சா ஒத்தையடிப் பாதை இருக்காது.”



அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த பை கோயம்புத்தூரில் வாங்கியது. இந்தத் தடவை கடைக்காரரை ஒரு பகல் முழுக்கப் படுத்தி எடுத்துவிட்டார். பைக்குள் கல்லை நிரப்பித் தோளில் மாட்டிக் கடை மாடிப்படியை ஏறி இறங்கிப் பார்த்தார். மேலே தண்ணீர் ஊற்றச் சொன்னார். “பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறாப்புல பார்க்கறீங்களே சார்,” என்றார் கடைக்காரர். “மாப்பிள்ளையை இவ்வளவு பார்க்கலைங்க,” என்றார் திருமூர்த்தி.

எஸ்தர் பையைத் தூக்கிப் பார்த்தார். தோள்வாரை அமுக்கிப் பார்த்தார். உள்ளே மெத்தென்ற சுவர். மழை புகாத தோல். காமிராவும் லென்சும் தொட்டிலில் கிடப்பதுபோல் கிடந்தன.

“நல்லாப் பார்த்திருக்கீங்க. உள் மூடியைத் திறங்க.”

உள் மூடி, இழுத்தால் பிரியும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்தது. திருமூர்த்தி பெருமையோடு இழுத்தார்.

பர்ர்ர்ர்.

அடுப்படியில் சுருண்டு படுத்திருந்த பூனை ஒரே தாவலில் பரண்மேல் ஏறிவிட்டது.

எஸ்தர் பூனையைப் பார்த்தார். திருமூர்த்தி பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இறுக்கமாப் பிடிக்குதுங்க, டீச்சர்,” என்றார்.

“ஆமாம்,” என்றார் எஸ்தர். “காலையில கிளம்பலாம். இடத்துக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாலயே காமிராவைக் கையில எடுத்துருங்க. அங்க போய்ப் பையைத் தொடக்கூடாது.”

“சரிங்க.”



ஆனால் மழைக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது.

விடிந்து கிளம்பியதிலிருந்து விடாமல் பெய்தது. காமிராவை எங்கே எடுப்பது? முட்டி வேறு ஏற்றத்தில் இரண்டு முறை அவரை உட்காரவைத்தது. எஸ்தர் தன் பையிலிருந்து வெந்நீர் எடுத்துக் கொடுத்தார். அவர் பை திருமூர்த்தியின் பையைவிடப் பெரியது. உள்ளே கயிறு, மருந்து, மழைத்தாள், அரிவாள் எல்லாம் இருந்தன.

“உங்க காமிரா எங்கீங்க, டீச்சர்?”

“இன்னிக்கு உங்க முறை.”

மேலே போய்ச் சேர்ந்தபோது மழை நின்றது. யாரோ கை காட்டி நிறுத்தினாற்போல் நின்றது.

ஒரு மரத்தின் வேர்கள் ஆள் உயரத்துக்குச் சுவர்போல் எழுந்திருந்தன. அவற்றின் பின்னே இருவரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். எதிரே இன்னொரு மரம். அதன் உச்சியைத் தேடிய திருமூர்த்திக்குக் கழுத்து வலித்ததே தவிர உச்சி கிடைக்கவில்லை. அது மூடுபனிக்குள் போயிருந்தது. இதை நட்டவர் யாருமில்லை என்ற நினைப்பு வந்ததும் அவர் தம்மையறியாமல் செருப்பைக் கழற்றப் போய், போட்டிருப்பது காலுறையும் பூட்ஸும் என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டார்.

“அந்தக் கிளைக்குக் கீழே,” என்று எஸ்தர் காதோடு சொன்னார். “சேறு பூசின இடம்.”

மரப்பொந்து ஒன்று மண்ணால் அடைத்துக் கிடந்தது. நடுவில் ஒரு கீறல் மட்டும். ஒரு விரல் நுழையும், இரண்டு நுழையாது.

“அதுக்குள்ளயா இருக்கு?”

“பெட்டை. மாசியில உள்ள போச்சு. உள்ளிருந்து தானே பூசிக்கிட்டது. பறக்கிற இறகையெல்லாம் உதிர்த்துப் போட்டிருக்கும். இப்ப குஞ்சும் இருக்கு. ஆண் கொண்டுவந்து கொடுத்தாத்தான் ரெண்டுக்கும் வயிறு.”

பறவை, தன் பறத்தலைக் கழற்றி வைத்துவிட்டு, கதவையும் பூசிக்கொண்டு, வெளியே இருக்கிற ஒருவனை நம்பி உட்கார்ந்திருக்கிறது.

திருமூர்த்தி அந்தக் கீறலைப் பார்த்தபடியே பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்தார்.

அப்போது வானத்தில் ஒரு சத்தம் கேட்டது.

முதலில் அவர் அதைச் சிறகென்று நினைக்கவில்லை. மலைக்கு அப்பால் ரயில் போகிறது என்று நினைத்தார். மலைக்கு அப்பால் ரயில் கிடையாது. காற்று, வீசி வீசி இழுபட்டது. மூடுபனி கிழிந்தது. கறுப்பும் வெளுப்புமான இறக்கைகள் ஒரு கிளையளவு விரிந்து மடிந்து, ஆண் இருவாச்சி எதிர்மரத்தில் வந்து உட்கார்ந்தது.

மஞ்சள் அலகு. அதன்மேல் இன்னோர் அலகு கவிழ்த்து வைத்தாற்போல் கொண்டை. தொண்டை புடைத்திருந்தது.

“அத்திப்பழம்,” என்றது எஸ்தரின் மூச்சு. “தொண்டைதான் அதோட பை.”

கீறலிலிருந்து ஓர் அலகு நுனி வெளியே வந்தது. திறந்தது. காத்திருந்தது.

திருமூர்த்தியின் கை ஜிப்பின் தலையைத் தேடிப் பிடித்தது. தொட வேண்டாமென்று டீச்சர் சொன்னதை மனம் சொல்லிற்று. கை கேட்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம், கையிலிருந்தது. அவர் ஒரே ஒரு பல் அளவு இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான்.

ஆண் தலையைத் திருப்பிற்று. அந்தக் கண் சிவப்பாயிருந்தது. அது வேரைப் பார்த்தது, வேருக்குப் பின்னால் பார்த்தது. எழும்பி இரண்டு கிளை தள்ளிப் போய் உட்கார்ந்தது.

கீறலில் இருந்த அலகு நுனி வெறும் காற்றைக் கவ்வியது. மறுபடி கவ்வியது. பிறகு உள்ளே போய்விட்டது.

திருமூர்த்தி எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் அவரைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

ஜிப்பை முழுக்க இழுத்து, ஒட்டுப்பட்டையையும் கிழித்துக் காமிராவை எடுக்க மூச்சு விடும் நேரம் போதும். பறவை பறந்தாலும், பறக்கிற படமாவது கிடைக்கும். இன்னொரு வருஷம் அவருக்கில்லை.

மேலே ஒரு பை. மடியில் ஒரு பை. இரண்டும் மூடியிருந்தன. இது திறந்தால் அது திறக்காது.

அவர் ஜிப்பிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பைமேலேயே, குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் வைத்துக்கொண்டார்.

வேர் முட்டியில் குத்தியது. கழுத்தில் ஓர் அட்டை ஏறியது. அது குடித்துவிட்டுத் தானே விழட்டும் என்று விட்டார்.

ஆண் அசையவில்லை. அவரும் அசையவில்லை.

இலைகளிலிருந்து மழையின் மிச்சம் சொட்டிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரமோ. பறவை ஒரு கிளை இறங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு பொந்தின் விளிம்பைப் பற்றி, வாலை மரத்தில் ஊன்றி நின்றது. கழுத்தைப் பின்னால் வளைத்து ஒரு குலுக்குக் குலுக்கியது. அலகின் நுனியில் ஓர் அத்திப்பழம் வந்து நின்றது. நசுங்காமல், முழுசாக.

அவ்வளவு பெரிய அலகு அந்தப் பழத்தைக் கீறலுக்குள் எவ்வளவு மெதுவாக நீட்டியது! பட்டுச்சேலை கட்டிய பெண்ணுக்குக் குங்குமம் நீட்டுகிறவர்களைத் திருமூர்த்தி ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். யாரும் இப்படி நீட்டியதில்லை.

உள் அலகு வந்தது. வாங்கிக்கொண்டது.

இன்னொரு குலுக்கல். இன்னொரு பழம்.

திருமூர்த்தி எண்ணத் தொடங்கினார். எதையும் எண்ணுகிற மனிதர் அவர். பந்தியில் இலையை எண்ணுவார், ஆல்பத்தில் தாளை எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று போனவர், நடுவில் எங்கோ எண்ணிக்கையை நழுவவிட்டுவிட்டார். தேடவுமில்லை. சிவப்பு, கறுப்பு, பச்சை என்று அந்தத் தொண்டையிலிருந்து பழங்கள் வந்துகொண்டே இருந்தன. தனக்கென்று அது ஒன்றைக்கூட விழுங்கவில்லை.

கடைசிப் பழம் போனதும் ஆண் கீறலுக்குப் பக்கத்தில் அலகைச் சாய்த்து ஒரு கணம் நின்றது. பிறகு ரயில் மறுபடி மலையேறிப் போயிற்று.

காடு மூச்சு விட்டது.

அந்த டிக்குக்குப் பிறகு எஸ்தர் முதல் முறையாக அவர் பக்கம் திரும்பினார். எஸ்தரின் கண்ணோரம் ஈரமாயிருந்தது. மழையாகவும் இருக்கலாம்.

“நல்ல வேளை,” என்றார் மெல்ல. “அது அத்தி மரத்துக்குப் போய் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்ணா. இப்ப திறந்து எடுத்து வெச்சுக்கங்க. திரும்ப வர்றப்போ உங்க படம் கண்டிப்பாக் கிடைச்சிரும்.”

திருமூர்த்தி ஜிப்பின் தலையைப் பிடித்தார். அவர் எதிர்மரத்தைப் பார்த்தார்.

கீறலில் ஓர் அலகு நுனி இன்னும் தெரிந்தது. அது எதையும் வாங்க வரவில்லை. சும்மா ஓரத்தில் சாய்ந்திருந்தது.

அவர் கையை எடுத்துவிட்டார்.

“ஏண்ணா? அதுதான் போயிருச்சே?”

திருமூர்த்தி உதட்டில் விரல் வைத்தார்.

“வீட்டுக்குள்ள ஆளிருக்குதுங்களே, டீச்சர்.”