யார் கொடுத்த மணி?

கஸ்பார் மச்சாது முதலாளியின் விசைப்படகு தடையை மீறிக் கரையோரம் புகுந்து, இஞ்ஞாசியின் ஒரே வலையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. நியாயம் கேட்கப் போனவன் முன்னால் முதலாளி பக்தியாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“எல்லாம் ஆண்டவர் திட்டம்டே. அவர் சித்தத்தை எதிர்த்துப் பேசுறது பாவம். போய் ஜெபமாலை சொல்லு.”

வலையில்லாமல் இஞ்ஞாசி வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அந்த ஞாயிறு, முதலாளி கோயிலுக்குக் கொடுத்த புது மணிக்கு மந்திரிப்பு. மணியின் வயிற்றில் ‘உபயம்: கஸ்பார் மச்சாது’ என்று புடைத்த எழுத்து. பங்குச்சாமி தீர்த்தம் தெளிக்க வரும்போது, இஞ்ஞாசி அரத்தை எடுத்து அந்த எழுத்தை அராவத் தொடங்கினான்.

“ஏலே, என்ன செய்யுத?” முதலாளி அலறினார்.

“உங்களைப் பாவத்துலேர்ந்து காப்பாத்துதேன் முதலாளி. மணி குடுத்தது ஆண்டவர் திட்டம். அதுல உங்க பேரைப் போட்டா திருட்டுல்லா?”

“திட்டமாவது மண்ணாவது! நானா நெனச்சேன், நானா குடுத்தேன். நெனச்சிருந்தா குடுக்காமலும் இருந்திருப்பேன்!”

“அப்படின்னா அன்னைக்கு நெனச்சிருந்தா, படகையும் திருப்பியிருக்கலாமே முதலாளி?”

முக்காட்டுக்குள் பெண்கள் சிரித்தார்கள். பங்குச்சாமி தீர்த்தச் செம்பைக் கீழே வைத்தார்.

“நல்லதுக்கு உம்ம பேரு, கெட்டதுக்கு ஆண்டவர் பேரா? முதல்ல வலை வரட்டும். பிறகு மந்திரிப்பு.”

பொழுது சாய்வதற்குள் புது வலை வந்தது, மணியும் கோபுரம் ஏறியது. அரம் முதல் எழுத்தை மட்டும்தான் தின்றிருந்தது. ‘பயம்: கஸ்பார் மச்சாது’ என்று கோபுரத்தை அண்ணாந்து உரக்கப் படித்துவிட்டுத்தான் ஊர்க்காரர்கள் இன்றும் பூசைக்குள் நுழைகிறார்கள்.