ஐந்து தலைவர்களும் ஒரு தாழ்ப்பாளும்

சர்ர்... சர்ர்... டப்.

இருட்டி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. ஜெசிந்தா செபமாலையை முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் சந்திலிருந்து வந்தது. ஏதோ பெரிய மிருகம் இரண்டு பக்கச் சுவரையும் உரசிக்கொண்டு வருகிற மாதிரி. நடுநடுவே மூச்சு வாங்கியது. ஒரு தடவை தும்மியது.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அரிசி டிரம்மைக் காலால் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். கைக்குக் கிடைத்தது தோசைத் திருப்பி. அதை ஓங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வீட்டுக்கு இருப்பதே ஒரு கதவு. அதற்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. மழையில் மரம் ஊறி, பழைய தாழ்ப்பாள் திருகாணியோடு கழன்று கையில் வந்துவிட்டது. வெளியே பூட்டலாம், உள்ளே பூட்ட முடியாது. அதாவது அவள் கடைக்குப் போனால் பாத்திர பண்டம் பத்திரம். அவள் வீட்டில் இருந்தால் எதுவுமே பத்திரமில்லை. புருஷன் கப்பலில் இருந்தான், கிறிஸ்மஸுக்குத்தான் வருவான். போன வாரம் பக்கத்துச் சந்தில் எவனோ ஒரு வீட்டுக்குள் புகுந்து கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். அன்றிலிருந்து அவளுக்கு உறக்கமே இல்லை.

"யாரது?" என்றாள். குரல் பிள்ளையின் குரலைவிடச் சின்னதாக வந்தது.

"தலைவர்!" என்று ஐந்து குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

வந்திருப்பது திருடன் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. திருடனுக்காவது வந்த வேலை என்னவென்று தெரிந்திருக்கும்.

இவர்கள் விடிவெள்ளி இளையோர் மன்றத்தார். தலைமைப் பண்பை வளர்ப்பதும் ஊருக்குச் சேவை செய்வதும் இவர்கள் நோக்கம். 'இளையோரே, வாருங்கள்! சேர்ந்தால் துணிச்சல் வரும்' என்று கோயில் வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்து ஜெசிந்தாவும் போய்ச் சேர்ந்தாள். துணிச்சல் வராவிட்டாலும் தாழ்ப்பாள் மாட்ட நாலு ஆளாவது கிடைப்பார்கள் என்பது அவள் கணக்கு. கிடைத்தது ஒரு தொப்பி. அதில் 'தலைவர்' என்று அச்சடித்திருந்தது. எல்லார் தொப்பியிலும் அதேதான். 'தொண்டர்' என்று அடித்தால் யார் தலையில் மாட்டுவார்கள்? எப்படியோ, புத்தி இருக்க வேண்டிய இடத்தை அந்தத் தொப்பி நன்றாக மூடிக்கொண்டது.

மதுரையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து இவர்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டுப் போயிருந்தார். தலைவர் என்பவர் யார் பின்னாலும் போகக் கூடாது. எந்த வேலையையும் எல்லாரும் சேர்ந்தே செய்ய வேண்டும். உதவி கேட்டு வருகிறவர் படும் கஷ்டத்தை முதலில் நீங்களே பட்டுப் பாருங்கள், அப்புறம் உதவுங்கள். இவ்வளவுதான் சொன்னார். பாவம், மனிதர்களிடம் பேசுவதாக நினைத்துச் சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா டிரம்மை நகர்த்திக் கதவைத் திறந்தாள். மூன்று பேர் நடக்கிற சந்தில் ஐந்து பேர் வரிசையாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். சத்தத்துக்குக் காரணம் அதுதான். இரண்டு ஓரத்திலும் வந்த ஐசக், ஆபேல் சகோதரர்களின் சட்டையில் பாதிச் சுவர் ஒட்டியிருந்தது.

"யக்கா, உங்க தாழ்ப்பாளுக்குத் தீர்மானம் நிறைவேறிட்டு!" என்றான் வியான்னி. மன்றத்திலேயே பெரிய குரல் அவனுக்கு.

"தீர்மானத்தை வச்சு நான் கதவைச் சாத்தவா தம்பி? உள்ளே வாங்க."

ஒருவரும் அசையவில்லை. வாசற்படி ஒரு ஆள் அகலம்.

"நான் முதல்ல போனா நீ எனக்குப் பின்னாலல்லா வரணும்" என்றான் பெனிட்டோ, உண்மையான வருத்தத்தோடு. ஸ்க்ரூடிரைவர் அவன் பையில் இருந்தது.

"நான் எதுக்குல உன் பின்னால வரணும்? என் தொப்பியைப் படிச்சுப் பாரு" என்றான் வியான்னி.

"அப்போ முதுகைக் காட்டிக்கிட்டு வா. உனக்கு முன்னால நான் இருக்க மாட்டேன்."

வியான்னி யோசித்தான். "எனக்கு அடுத்து ரோஸ்லின் வருவாளே. நான் திரும்பி நின்னா அவ எனக்கு முன்னால வந்துருவா."

கல்லூரியில் படிக்கும் ரோஸ்லின் இதுவரை கண்ணை மூடிச் சிந்தித்துக்கொண்டிருந்தாள். "நடுவுல வாறவங்க நண்டு மாதிரிப் பக்கவாட்டுல வரட்டும். முன்னால சுவர்தான் இருக்கும். சுவர் நம்ம மன்றத்துல உறுப்பினர் இல்ல."

"அதானே!" என்றார்கள் ஐசக்கும் ஆபேலும். கடைசியாகப் பேசியவர் யாரோ அவருக்கு 'அதானே' போடுவதுதான் அந்தச் சகோதரர்களின் தலைமைப் பண்பு.

முதல் தலைவர் நேராகவும், நடுத்தலைவர்கள் மூவரும் நண்டாகவும், கடைசித் தலைவர் முதுகு காட்டியும் வீட்டுக்குள் பிரவேசித்தார்கள். பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. அதற்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது.

ஜெசிந்தா, தான் வாங்கி வைத்திருந்த புதுத் தாழ்ப்பாளையும் திருகாணிகளையும் எடுத்துக் கொடுத்தாள். பெனிட்டோ கதவில் வைத்து அளவு பார்த்தான்.

"நில்லுங்க!" என்றாள் ரோஸ்லின். "அக்கா படுற கஷ்டத்தை நாம இன்னும் படலையே."

"அதெல்லாம் நான் பட்டது போதும்மா. மாட்டிருங்க."

"அப்படி இல்லக்கா. தாழ்ப்பாள் இல்லாத வீட்டுல இருந்து பயந்து பாத்துட்டுத்தான் மாட்டணும். மாட்டிட்டோம்னா அப்புறம் எங்க போய்ப் பயப்படுறது?"

"அதானே!"

விளக்கை அணைத்துவிட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். பயத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"வருதா?" என்றான் வியான்னி.

"எனக்குப் பசிதான் வருது" என்றான் பெனிட்டோ.

ரோஸ்லின் குறையைக் கண்டுபிடித்தாள். "அக்கா தனியா இருந்துதானே பயந்தாவ? இப்போ அவங்க நமக்குத் துணையா உக்காந்திருந்தா எப்படிப் பயம் வரும்? யக்கா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்க."

ஜெசிந்தா கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். மரியாதையாக யார் எதைச் சொன்னாலும் எழுந்து நின்றுவிடுவாள், அதன் பிறகுதான் யோசிப்பாள். பிள்ளையோடு வெளியே வந்து நின்றாள். படி தாண்டும்போது பூட்டையும் சாவியையும் எடுப்பது கைக்குப் பழக்கம். கை அதை எடுத்துக்கொண்டது.

உள்ளே இன்னும் விவாதம் ஓயவில்லை. "நாம அஞ்சு பேர் இருக்கோமேல. இது எப்படித் தனிமை?" என்றான் வியான்னி. "நாலு பேர் ஆளுக்கொரு சுவரைப் பாத்து உக்காருங்க. அஞ்சாவது ஆள் அரிசி டிரம்மைப் பாக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னாள் ரோஸ்லின். டிரம் யாருக்கு என்பதில் சின்னச் சண்டை வந்து அடங்கியது.

சந்தில் கொசு பிள்ளையைப் பிடுங்கியது. முனையில் ஒரு நாய் காரணமில்லாமல் குரைத்தது. ஒருவேளை காரணம் இருந்ததோ என்னவோ. இத்தனை நாளும் வெளியே நிற்கிற எவனோ உள்ளே வந்துவிடுவான் என்று பயந்தவள், இப்போது அவன் நிற்கிற இடத்திலேயே வந்து நிற்கிறாள். கதவை மெல்லத் தட்டினாள்.

"தம்பி, பயந்து முடிச்சாச்சா?"

உள்ளேயிருந்து ஐந்து அலறல்கள் எழுந்தன. டிரம் உருண்டது. அரிசி கொட்டியது.

"திருடன்ல! திருடன் வந்துட்டான்!"

"மாட்டுல! தாழ்ப்பாளை மாட்டுல!"

பயிற்சியாளர் ஆசைப்பட்டபடி எல்லாரும் சேர்ந்தே செய்தார்கள். மாதக்கணக்கில் மன்றத்துப் பேச்சிலேயே கிடந்த வேலை, ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் நடந்தேறியது. கடக் என்று தாழ்ப்பாள் விழுந்தது.

"நான்தான்! ஜெசிந்தா! கதவைத் திறங்க!"

உள்ளே கிசுகிசுவென்று கூட்டம் கூடியது.

"அக்கா எப்படி வெளியே இருப்பாவ? இது அவங்க வீடுல்லா?"

"அதானே!"

"பிள்ளை அழுவுற சத்தம் கேக்குதுல."

"பிள்ளையையும் தூக்கிட்டு வந்திருக்கான் பாவி!"

"ராத்திரி யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது, அதுக்குத்தான் தாழ்ப்பாள் கேக்கேன்னு அக்காவே சொன்னாவல்லா?" என்றாள் ரோஸ்லின். "அவங்க வீட்டுல இருந்துக்கிட்டு அவங்க பேச்சைத் தட்டலாமா?"

ஜெசிந்தா அக்கா நேரில் வந்து சொல்லும்வரை ஜெசிந்தா அக்காவுக்கே ஆனாலும் கதவைத் திறப்பதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

ஜெசிந்தா தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை. அருமையான தாழ்ப்பாள். கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். பிறகு வெளிப்பூட்டையும் மாட்டிச் சாவியைத் திருப்பினாள்.

"வெளியேயும் பூட்டுறாங்கல!" என்று உள்ளே ஒரே மகிழ்ச்சி. "யாரோ பெரிய தலைவர் வந்திருக்காரு!" கைதட்டல் சந்து முழுக்கக் கேட்டது.

அவள் தெருமுனையில் கோயிலுக்குப் பக்கத்திலிருந்த மன்றத்து அறைக்கு நடந்தாள். முன்னாலும் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை. அறை வாசலில் பலகை தொங்கியது: 'இக்கதவு இரவும் பகலும் எல்லோருக்கும் திறந்திருக்கும்.' இரும்புக் கதவு. உள்ளே மணிக்கட்டுத் தடிமனில் தாழ்ப்பாள். அந்த அறையில் இருந்தது பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும்தான். அவற்றுக்கு இருந்த பாதுகாப்பு அந்தத் தெருவில் ஒரு பொம்பளைக்கும் இல்லை.

'தலைமையேற்க வாரீர்' பேனரை நாலாக மடித்துப் போட்டுப் பிள்ளையைக் கிடத்தினாள். ஃபேனைப் போட்டாள். அங்கே ஆணியில் கிடந்த தன் தொப்பியைப் பார்த்தாள். எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கோயில் உபதேசியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மன்றத்துல யாரும் இருக்கீங்களா? அந்தச் சந்துல அஞ்சு பேர் உள்ள மாட்டிக்கிட்டுக் கத்துதாவ. பசிக்குதாம், பயமா இருக்காம். யாராவது உதவி செய்யணுமே தாயி!"

"தலைவர் இருக்கேன்" என்றாள் ஜெசிந்தா. "கட்டாயம் உதவி செய்வோம். ஆனா மன்றத்து விதின்னு ஒண்ணு இருக்கு, உபதேசியாரே. முதல்ல அவங்க படுற கஷ்டத்தை நான் பட்டுப் பாக்கணும். கதவைப் பூட்டிக்கிட்டு ஒரு அறைக்குள்ள கிடக்கணும். விடியட்டும், வாங்க."

உபதேசியார் பலகையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். அவர் படித்து முடிப்பதற்குள் அவள் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள்.