செருப்பைக் கக்கத்தில் இடுக்கியவன்

பெரிய படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் ஓடுகிற சிரிப்புப் படங்கள் எடுப்பதில் அபரஞ்சி அம்மாளுக்கு நல்ல பெயர் இருந்தது. அவரே நடிப்பார், அவரே எடுப்பார். அவரிடம் தொழில் கற்க வந்து சேர்ந்த திருமேனி சின்னப் பையன் இல்லை. நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் கட்டியவர். கம்பெனி கலைந்ததும் கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரிப்பு நடிகராகிவிடலாம் என்று வந்திருந்தார். அம்மாளைவிட நாலைந்து வயதுதான் இளையவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

முதல் படத்தில் அவருக்குப் பட்டிக்காட்டான் வேஷம். டவுனுக்கு வந்து சத்திரத்தில் தங்கும் பட்டிக்காட்டான், மின்சார பல்பை ஊதி அணைக்கப் பார்க்கிறான். திருமேனி கன்னத்தை உப்பவைத்து ஊதினார். கண்ணை உருட்டினார். கட்டிலிலிருந்து தொப்பென்று விழுந்தார். ஸ்டூடியோவில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலாளிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் திருமேனி வீடு பிடித்து, மனைவி மக்களையும் ஊரிலிருந்து அழைத்து வந்துவிட்டார்.

படம் வெளியூர்களுக்குப் போனது. பல்பு காட்சிக்கு யாரும் சிரிக்கவில்லை. பாதியில் பீடி குடிக்க எழுந்து போகிறார்கள் என்று கொட்டகைக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள். அடுத்த படம் திங்கட்கிழமை தொடங்க இருந்தது. அன்றைக்கும் திருமேனி தேறாவிட்டால் மெட்ராஸ் நடிகர் ஒருவருக்குத் தந்தி கொடுத்துவிடுவேன் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

திருமேனிக்குத் தன் மேல் சந்தேகமே வரவில்லை. ஜனங்கள் மேல்தான் வந்தது.

"இங்கே அப்படிச் சிரிச்சாங்களே அக்கா. அங்கே ஏன் சிரிக்கலை? ரசனை இல்லாதவங்களா?"

அம்மாள் சந்தை நாளன்று பக்கத்து ஊர்க் கொட்டகைக்குப் பகல் ஆட்டத்துக்கு அவரைக் கூட்டிப்போனார். தரை டிக்கெட் வாங்கிக் கொடுத்து, எல்லாருக்கும் முன்னால் போய்த் திரைக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"படத்தைத்தான் எடுக்கறப்பவே பார்த்தாச்சே. இப்போ மூஞ்சிகளைப் பாரு."

சொல்லிவிட்டு அவர் பெண்கள் பக்கம் போய்விட்டார்.

விளக்கு அணைந்தது. திருமேனிக்கு எதிரே சந்தைக்கு வந்த ஒரு குடியானவர் மூட்டையும் முடிச்சுமாக உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருமேனியின் முழங்காலைத் தொட்டார்.

"ஏனுங்க, படம் அந்தப் பக்கமுங்க ஓடுது."

திருமேனி தலையை ஆட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பல்பை ஊதும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. யாரோ கொட்டாவி விட்டார்கள். குடியானவர் மட்டும் தலையைக் குனிந்து துண்டின் முனையை நீவிக்கொண்டிருந்தார். நாலு பேர் நடுவில் தன்னைச் சொல்லிக் காட்டியதுபோல் இருந்தது அவர் முகம். அதைப் பார்க்கத் திருமேனிக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

அப்புறம் திடீரென்று கொட்டகை முழுக்கச் சிரித்தது. குடியானவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "நம்மளாட்டவே இருக்கறான் பாருங்க" என்று பக்கத்து ஆளிடம் காட்டினார். திருமேனி அவசரமாகத் திரும்பினார். அதற்குள் அந்த இடம் போய்விட்டிருந்தது.

வெளியே வந்ததும் குடியானவரைப் பற்றிச் சொல்லி, எதற்குச் சிரித்தார்கள் என்று அம்மாளிடம் கேட்டார். நான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை, இன்னொரு ஆட்டம் பார் என்றார் அம்மாள்.

அடுத்த ஆட்டத்தில், பல்பு முடிந்த கையோடு திருமேனி திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பட்டிக்காட்டான் வக்கீல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறான். படியேறுகிறான். நின்று திரும்பிப் பார்க்கிறான். இறங்கி வந்து செருப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறான். மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கம்பீரமாக உள்ளே போகிறான். கொட்டகை மறுபடியும் அதிர்ந்தது.

வெளியே வந்த திருமேனிக்கு முகம் சுண்டிப்போயிருந்தது.

"அது நடிப்பே இல்லை அக்கா. என் சொந்தச் செருப்பு. புதுசு. ஸ்டூடியோவில் எவனாவது மாட்டிக்கிட்டுப் போயிடுவானோன்னு பயம். கேமரா ஓடுறதே ஞாபகமில்லை."

"தெரியும். வெட்டிடலாம்னாங்க. நான்தான் இருக்கட்டும்னேன்."

திங்கட்கிழமை வந்தது. பட்டிக்காட்டான் ஜமீன்தார் வீட்டில் முதல்முதலாக டெலிபோனைப் பார்க்கும் காட்சி. குரல் கேட்டதும் அலறிக்கொண்டு மேஜைமேல் ஏற வேண்டும் என்று எழுதியிருந்தது. முதலாளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். திருமேனி அம்மாளிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அலறினா அந்தக் குடியானவர் தலையைக் குனிஞ்சுக்குவார் அக்கா. ஆனா வேற எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியலை. அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை."

"நான் பார்த்திருக்கேன்" என்றார் அம்மாள். "நாடகக் கம்பெனியிலிருந்து ஒருத்தர் முதல் நாள் இங்கே வந்து நின்னார். தலைக்கு மேலே மைக் தொங்குச்சு. சவுண்ட் இன்ஜினியர் ஐயா மாடியில உட்கார்ந்து இதுலதான் கேட்பார்னு சொன்னாங்க. உடனே தோள்ல கிடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டினார். மைக்கைப் பார்த்து, ஐயா சௌக்கியங்களான்னு கேட்டார்."

திருமேனிக்குக் காது சிவந்தது.

"அன்னிக்கு நீங்க யாரையும் சிரிக்க விடலையே அக்கா."

"விட்டிருந்தா அந்த ஆள் அன்னிக்கே எழுந்து போயிருப்பார்."

திருமேனி போய் விளக்கு வெளிச்சத்தில் நின்றார். டெலிபோனைச் சற்று நேரம் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பின்னாலிருந்து முதலாளி தணிந்த குரலில் கேட்டார், மெட்ராஸ்காரருக்குத் தந்தி கொடுத்துவிடட்டுமா என்று.

அம்மாள் திரும்பாமலே சொன்னார்.

"வேண்டாம் முதலாளி. ஆள் வந்தாச்சு."