நிறத்தில் சொன்ன காவலாளி

நாணல்மடுவின் காவலாளி மந்தி ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. மலைக்கு அந்தப் பக்கம் பலா பழுத்துவிட்டதாம்!

நாணல்மடு நடுக்காட்டில் இருந்த ஒரு குளம். கோடை வந்தால் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மான், பன்றி, முயல், முள்ளம்பன்றி எல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும். இது சிறுத்தைக்கும் தெரியும். அதனால்தான் காவல். மரத்தின் உச்சியிலிருந்து மந்தி ஒரு சத்தம் போட்டால் போதும், குளக்கரை காலியாகிவிடும்.

குளத்துக்கு அந்த வருஷம் தலைவரானது கொம்பையா என்ற கடமான். பெரிய கொம்பு, பெரிய குரல். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"போன தலைவர் என்ன செஞ்சாரு? மரத்துல சும்மா உட்கார்ந்திருந்த மந்தியைக் கூப்பிட்டு, 'நீ பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டாரு. விண்ணப்பம் உண்டா? நேர்காணல் உண்டா? அதான் இப்படி ஓடிப்போச்சு. இந்தத் தடவை நாம முறைப்படி ஆள் எடுப்போம்!"

உடனே ஒரு குழு அமைந்தது. கொம்பையா தலைவர். காட்டுப்பன்றி மாடத்தியும் முள்ளம்பன்றி சடையனும் உறுப்பினர்கள். மூன்று பேரும் யோசித்து, மருதமரத்தின் பட்டையில் ஒரு விளம்பரம் கீறினார்கள்.

"காவலாளி தேவை. கம்பீரமான தோற்றம், இனிமையான பேச்சு, எல்லோரையும் அனுசரித்துப் போகும் குணம் வேண்டும். முன் அனுபவம் உள்ளவருக்கு முன்னுரிமை."

கண் தெரிய வேண்டும் என்றோ, கத்தத் தெரிய வேண்டும் என்றோ அதில் ஒரு வரி இல்லை. கொம்பையா இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அவருக்கு எதுவும் குறையாகத் தெரியவில்லை.

விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. மயில் பதினேழு இலைகளில் எழுதியிருந்தது. அதில் பதினாறு இலை தோகையைப் பற்றி. கரடி, தேன்கூட்டுக் காவலுக்கு எழுதிய பழைய விண்ணப்பத்தையே அனுப்பியிருந்தது. 'தேன்கூடு' என்ற இடத்தையெல்லாம் அடித்துவிட்டு 'குளம்' என்று திருத்தியிருந்தது. கடைசி வரியில் மட்டும் திருத்த மறந்துவிட்டது. "தேனைப் பார்த்தால் எனக்கு எல்லாம் மறந்துபோகும்" என்று முடிந்தது அந்த விண்ணப்பம்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னப் புங்க இலை கிடந்தது. ஆட்காட்டிக் குருவி பேச்சி எழுதியது. குளத்தை ஒட்டிய சரளை மேட்டில் தரையிலேயே முட்டையிட்டு வாழ்கிறவள் அவள். இலையில் இரண்டே வரி.

"கண் நல்லா தெரியும். கத்துவேன்."

"இது ஒரு விண்ணப்பமா!" என்று சடையன் முள் குலுங்கச் சிரித்தான்.

"பாவம், எழுதிட்டா. கூப்பிட்டுத்தான் பார்ப்போமே" என்றார் கொம்பையா. மனசு வைத்து ஒரு ஏழைக்கு உதவி செய்கிற நினைப்பு அவருக்கு.

நேர்காணல் நாளன்று பேச்சி நீண்ட மஞ்சள் கால்களால் தத்தித் தத்தி வந்து நின்றாள்.

"இன்னும் அஞ்சு மழைக்காலம் கழிச்சு நீ எங்கே இருப்பே?" என்று கம்பீரமாகக் கேட்டார் கொம்பையா.

"அந்தா, அந்தச் சரளை மேட்டுலதான் அண்ணாச்சி."

மாடத்தி உதட்டைப் பிதுக்கினாள். "முன்னேறணும்னு ஆசையே இல்லையே! சரி, உங்கிட்ட என்ன குறை?"

"கத்த ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. எங்க வீட்டுக்காரரே ரெண்டு தடவை கோவிச்சுட்டுப் போயிருக்காரு."

"பேச்சு இனிமையா இருக்காதா அப்போ?" என்றான் சடையன்.

"இருக்காது! வேணும்னா கத்திக் காட்டட்டுமா?"

"வேண்டாம் தாயி, வேண்டாம்! காது நல்லா இருக்கட்டும்" என்று கொம்பையா அவசரமாக அவளை அனுப்பிவைத்தார்.

அடுத்து வந்தான் பச்சோந்தி வண்ணமுத்து. ஓர் அடி வைப்பான், நின்று யோசிப்பான், பின்வாங்குவான், மறுபடி வைப்பான். மூன்று பேருக்கும் முன்னால் வந்து சேர அரை நாள் ஆனது.

"எவ்வளவு நிதானம்!" என்று வியந்தாள் மாடத்தி.

வண்ணமுத்து கொம்பையாவைப் பார்த்தான். உடனே பழுப்பானான். மாடத்தியைப் பார்த்தான், கருஞ்சாம்பல் ஆனான். சடையனைப் பார்த்தான், உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு விழுந்தது.

"நம்மள மாதிரியே இருக்காரே!" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

"உங்ககிட்ட என்ன குறை?" என்று கொம்பையா மரியாதையாகக் கேட்டார்.

வண்ணமுத்து ஒரு கண்ணை வானத்திலும் ஒரு கண்ணைத் தரையிலும் வைத்து, வெட்கப்பட்டான். "என்னோட குறைன்னா... அளவுக்கு மீறி உழைச்சிடுவேன் அண்ணாச்சி."

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூடவே ஒரு நற்சான்று இலையும் அவன் கொண்டுவந்திருந்தான். தேக்கங்காட்டுக் கௌதாரிகள் கொடுத்தது. "வண்ணமுத்து எங்களிடம் ஒரு வருஷம் காவலுக்கு இருந்தார். ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசியதில்லை" என்று அதில் எழுதியிருந்தது.

"தேக்கங்காடு பக்கத்துலதானே? ஒரு நடை போய் விசாரிச்சுட்டு வருவோமா?" என்றான் சடையன்.

"எழுத்துல இருக்கே, அப்புறம் என்ன விசாரணை! நாளைக்கே வேலையில சேரட்டும்" என்றார் கொம்பையா.

வண்ணமுத்து மருதமரத்துக் கிளையில் ஏறினான். ஏறி முடிக்க ஒரு நாள் ஆனது.

நாலாம் நாள் வெயில் உச்சிக்கு வந்த நேரம். கொம்பையா குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முதுகுப்பக்கம் புதர். புதருக்குள்ளிருந்து சிறுத்தை பாய்ந்தது! கொம்பையா ஒரே தாவலில் குளத்துக்குள் விழுந்தார். உயிர் பிழைத்தது. வால் பிழைக்கவில்லை. சிறுத்தை அந்த வாலை வாயில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் யோசித்தது. பிறகு அதைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. கொம்பையாவுக்கு அந்த அவமானம்தான் காயத்தைவிட எரிந்தது.

"வண்ணமுத்து! எங்கேய்யா போனே?" என்று கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி அலறினார்.

மருதமரத்துக் கிளையில் ஒரு துண்டு மட்டும் மஞ்சளாக, கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தது. அது வாயைத் திறந்தது.

"இங்கேதான் இருக்கேன் அண்ணாச்சி!"

"சிறுத்தை வந்துச்சே, ஏன் சொல்லலை?"

"சொன்னேனே! நிறத்துல சொன்னேன். அது தூரத்துல வரும்போதே மஞ்சளாயிட்டேன். கிட்ட வர வர ஒவ்வொரு புள்ளியா வச்சேன். பாருங்க, இன்னும் அழியலை. நீங்கதான் நிமிர்ந்தே பார்க்கலை!"

குழு அவசரமாகக் கூடியது. வாலைப் பறிகொடுத்த இடத்தைச் சேற்றில் அமிழ்த்தி உட்கார்ந்திருந்தார் கொம்பையா.

"அவன் வேலையை அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான்" என்றாள் மாடத்தி.

கொம்பையாவுக்கும் அப்படித்தான் பட்டது. நாம் எடுத்த ஆள் தப்பான ஆள் என்று ஒப்புக்கொள்வதைவிட, எல்லோரும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்வது எளிதாக இருந்தது. அதனால் வண்ணமுத்துவின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு நாரையை வேலைக்கு வைத்தார்கள். நாரை மீனைப் பார்த்துவிட்டால் மற்றதை மறந்துவிடும் என்பதால், நாரையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆமையை வைத்தார்கள். ஆமைதான் குழுவிடம் வந்து தகவல் சொல்ல வேண்டும் என்று முடிவானது. நாரையும் ஆமையும்கூட இனிமையாகப் பேசினார்கள். நேர்காணலில் நல்ல பெயர் வாங்கினார்கள்.

சிறுத்தை மறுபடியும் வந்தது. வண்ணமுத்து மஞ்சளானான். நாரை பார்த்தது. ஆமையிடம் சொன்னது. ஆமை உடனே கிளம்பியது.

ஆமை வந்து சேர்ந்தது மறுநாள் காலையில்.

"தலைவரே! சிறுத்தை வருது!" என்றது மூச்சு வாங்க.

அதற்குள் என்னவெல்லாமோ நடந்து முடிந்திருந்தது. மாடத்தியின் கடைக்குட்டி சிறுத்தையின் நகத்துக்கு அடியிலிருந்து வழுக்கித் தப்பியிருந்தது. அதன் முதுகில் மூன்று சிவப்புக் கோடுகள். மாடத்தி தன் ஏழு குட்டிகளையும் வரிசையாக நிறுத்தி, ஒன்று இரண்டு என்று எண்ணினாள். ஏழு வந்தது. மறுபடி எண்ணினாள். விடியும்வரை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

அந்த எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு கொம்பையாவால் இருக்க முடியவில்லை. எழுந்து நேராகத் தேக்கங்காட்டுக்கு நடந்தார். அங்கே ஒரு புதரடியில் வயசான கௌதாரி ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது.

"வண்ணமுத்து இங்கே வேலை பார்த்தாரா?"

"பார்த்தாரே! தங்கமான மனுஷன். ஒரு நாள் லீவு போட்டதில்லை."

"மத்தக் கௌதாரியெல்லாம் எங்கே?"

"நாங்க நாப்பது பேரு இருந்தோம். காட்டுப்பூனை வந்து வந்து போச்சு. இப்போ நான் மட்டும்தான்."

"பின்னே ஏம்மா அப்படி ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்தே?"

கௌதாரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது. "நல்லபடியா எழுதிக் கொடுத்தாத்தானே அவரு இங்கேயிருந்து கிளம்புவாரு!"

கொம்பையா திரும்பி வந்து மருதமரத்தடியில் நின்றார். கொம்பால் மரத்தை ஒரு முட்டு முட்டினார். "என்னய்யா இப்படி எங்களை ஏமாத்திட்டே?"

வண்ணமுத்து பழுப்பாக மாறப் பார்த்தான். பாதியில் விட்டுவிட்டான்.

"அண்ணாச்சி, எனக்கும் வயிறு இருக்கு. நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் உங்களுக்குப் பிடிச்ச பதிலைச் சொன்னேன். அது தப்புதான். ஆனா காவலுக்கு ஆள் எடுத்தீங்களே, ஒருத்தராவது என்னை ஒரே ஒரு தடவை கத்திக் காட்டச் சொன்னீங்களா? சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், எனக்குக் கத்துற குரலே கிடையாது!"

கத்திக் காட்டட்டுமா என்று தானாகக் கேட்ட ஒருத்தியை அனுப்பிவைத்தது யார் என்பது கொம்பையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாலிருந்த இடத்தில் ஈக்கள் மொய்த்துக் கடித்தன. விரட்ட வால் இல்லாமல் இடுப்பை நெளித்தார்.

"உனக்கு உண்மையா என்னதான் தெரியும்?" என்றார் களைத்துப்போய்.

"ஈ பிடிப்பேன்" என்றான் வண்ணமுத்து.

"எங்கே, பிடி பார்ப்போம்!"

சுளீர் என்று ஒரு நாக்கு வெளியே பாய்ந்தது. ஓர் ஈ காணாமல் போனது. மறுபடி சுளீர்! இன்னொன்று. கொம்பையாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றிலிருந்து வண்ணமுத்துவுக்கு அவர் முதுகில்தான் வேலை. நாரையும் ஆமையும் தங்கள் மீனையும் பாசியையும் பார்க்கப் போனார்கள்.

அடுத்து, பேச்சியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தலைவராக இருந்துகொண்டு ஒரு குருவியிடம் போய் நிற்பது நாலு பேர் கண்ணில் படக் கூடாது என்று கொம்பையா நினைத்தார். அதனால் தலையைத் தாழ்த்தி, காய்ந்த சருகில் கால் படாமல், நாணலுக்குள் பூனைபோல் நடந்து சரளை மேட்டை நோக்கிப் போனார். இன்னும் இருநூறு அடி இருந்தது.

"யாரோ வர்றாங்க! யாரோ வர்றாங்க! நாணலுக்குள்ள யாரோ வர்றாங்க!"

காடே அதிர்ந்தது. முயல்கள் பறந்தன. மான்கள் நாலாபக்கமும் சிதறின. சடையன் பதறியடித்து வளைக்குள் தலைகீழாகப் பாய்ந்தான். மாடத்தி ஏழு குட்டிகளோடு மேட்டைத் தாண்டி மறைந்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் குளக்கரையில் ஓர் உயிர் இல்லை. கொம்பையா மட்டும் நாணலுக்குள் நின்றார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"நான்தாம்மா, கொம்பையா!"

"கொம்பையா வர்றாரு! கொம்பையா வர்றாரு! முதுகுல ஒரு பச்சோந்தியோட வர்றாரு!"

"பேச்சி, உன்னை அன்னைக்குக் கத்தவிடாம அனுப்பினது என் தப்பு. நீதான் காவல். இன்னைக்கே சேர்ந்துக்கோ!"

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. பேச்சியின் கத்தலுக்கு நடுவில் கிடைத்த இடைவெளிகளில்தான் ஒவ்வொரு சொல்லாக நுழைக்க வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சிறுத்தை வந்தது. வயிற்றைத் தரையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓர் இலைகூட அசையாமல் வந்தது. புதரிலிருந்து அதன் மீசை வெளியே தெரிந்ததுமே பேச்சி எழும்பிவிட்டாள்.

"சிறுத்தை வருது! சிறுத்தை வருது!"

கரை காலியானது. சிறுத்தைக்கு மானம் போயிற்று. எழுந்து நின்று, உடம்பை உதறிவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னது: "நான் சும்மா தண்ணி குடிக்கத்தான் வந்தேன்!"

"சிறுத்தை தண்ணி குடிக்க வருது! சிறுத்தை சும்மா தண்ணி குடிக்க வருது!" என்று பேச்சி அதன் தலைக்கு மேலேயே வட்டமடித்துக் கத்தினாள்.

சிறுத்தை இரண்டு வாய் குடித்துப் பார்த்தது. அந்தச் சத்தத்தில் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. காதை மடக்கிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கமே போய்விட்டது. மேட்டுக்குப் பின்னால் மாடத்தி குட்டிகளை ஒரே ஒரு தடவை எண்ணிவிட்டு நிம்மதியாகப் படுத்தாள்.

ஒரு வேலைக்கு ஆள் எடுக்கும்போது, அவர் எவ்வளவு அழகாகப் பதில் சொல்கிறார் என்று மயங்காமல், அந்த வேலையைச் செய்து காட்டச் சொல்லிப் பார்த்தே எடுக்க வேண்டும்.