வெண்ணெய் வாசனை

"மாஸ்டர், பீரைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவனா ஆகணும். எவ்ளோ நாள் ஆகும்?"

பூவராகன் வந்ததும் வராததுமாகக் கேட்டான். உட்காரவில்லை.

கிளாரா புதுச்சேரியில் ஒரு சின்ன மதுக்கூடத்தில் கிராஃப்ட் பீர் காய்ச்சுபவள். அவனைவிட இளையவள். ருசி பார்க்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளை மாஸ்டர் என்பார்கள். பூவராகன் வந்தது இரண்டே வகுப்புக்கு. வெளியே போய்க் கதை அளந்தது மட்டும் ஊர்ப்பட்டது.

"என்ன அவசரம் சார்?"

பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான். திரும்ப எடுத்தான். திரும்ப வைத்தான்.

"என் ஃப்ரெண்டு சௌரி, இருந்த வேலையை விட்டுட்டு பீர் காய்ச்ச இறங்கிட்டான். முதல் தொட்டியில எடுத்தது இது. வெண்ணெய் வாசனை வருதே, சரியான்னு என்னைக் கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"செக் நாட்டு பாணி, அங்கெல்லாம் இதுக்காகவே குடிப்பாங்கன்னேன்."

"போயிருக்கீங்களா?"

"திண்டிவனம் தாண்டினதில்ல."

கிளாரா பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு சாயங்காலம் பீப்பாய்ல நிரப்பி பாருக்கெல்லாம் அனுப்பறான். எனக்குத் தூக்கமே போச்சு மாஸ்டர். நான் சொன்னது சரியா, தப்பா?"

அவள் பாட்டிலைத் திறந்து ஒரு கிளாஸில் ஊற்றி அவன் முன்னால் நகர்த்தினாள்.

கிளாஸைக் கண்டதும் அவனுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"முதல்ல ஒரு பிஸ்கட் மணம். பின்னால எலுமிச்சைத் தோல். நடுவுல மழை பேஞ்ச மண்ணு..."

நுரை அடங்கும்வரை பேசினான்.

"சார், இன்னும் குடிக்கல."

குடித்தான்.

"பிடிச்சிருக்கா?"

"பாடி நல்லா இருக்கு. ஃபினிஷ் கொஞ்சம்..."

"பிடிச்சிருக்கான்னு கேட்டேன்."

இத்தனை வருஷத்தில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இன்னொரு வாய் குடித்தான், சாதாரணமாக, தண்ணீர் குடிப்பதுபோல.

"இல்ல மாஸ்டர். தியேட்டர் பாப்கார்னைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்கு. பிடிக்கல."

அவள் கிளாஸை எடுத்துக்கொண்டு, போனை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் சௌரியின் எண்ணை அழுத்தினான். மானம் போகும். சௌரியின் பிழைப்பு போவதைவிட அது பரவாயில்லை.

"சௌரி, அந்த செக் நாட்டுக் கதை நானா விட்டது. எனக்கு அந்த பீர் பிடிக்கல."

அந்தப் பக்கத்திலிருந்து சௌரியின் குரல் தாழ்ந்து வந்தது.

"எனக்கும்தான்டா. வாயிலயே வைக்க முடியல. நீ அப்படிச் சொன்னப்புறம், இவனுக்கு ஒண்ணும் தெரியலன்னு நினைச்சுடுவியோன்னு பேசாம இருந்துட்டேன். இப்ப என்ன பண்றது?"

பூவராகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நிறுத்தினான்.

"தெரியலடா. இரு, கேக்கறேன்."

கிளாரா அப்போதுதான் சிரித்தாள்.

"நிரப்ப வேணாம்னு சொல்லுங்க. கூலிங்கை நிறுத்திட்டு தொட்டியிலயே விடட்டும். உள்ள இருக்கிற ஈஸ்ட்டே அந்த வாசனையைத் தின்னு தீர்த்துடும். நாலஞ்சு நாள் ஆகும்."

அப்படியே சொல்லிவிட்டுப் போனை வைத்தான். வைத்த கையோடு குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தான்.

"அந்த நாலஞ்சு நாளும் நான் என்ன பண்ணட்டும் மாஸ்டர்? ஏதாவது படிக்கட்டுமா? வேற வகுப்பு ஏதாவது இருக்கா?"

"தொட்டி என்ன பண்ணும்?"

"சும்மா கிடக்கும்."

கிளாரா கிளாஸைக் கழுவப் போய்விட்டாள்.