புலி ரிவர்ஸ் எடுத்த மலை

ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க சார். ரயில்வே கேட் இப்பத்தான் மூடியிருக்கான், ரயில் இன்னும் பாவூர்சத்திரத்தையே தாண்டியிருக்காது. அதுக்குள்ள எங்க வீட்டுல நேத்து நடந்ததைச் சொல்லுதேன். நான் பொய் சொல்ல மாட்டேன். தென்காசியில எந்த லாரி டிரைவரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு எங்கிட்ட ஓட்டப் படிச்சவன்தான்.

எம் மக உலகம்மை பதினொண்ணாவது முடிச்சிருக்கா. வனத்துறை அனுமதியோட ஒரு குழு நீலகிரிப் பக்கம் ஏழு நாள் மலையேறக் கூட்டிட்டுப் போகுது. பையை முதுகுல மாட்டிக்கிட்டு நடந்தே போகணும். பெத்தவங்கள்ல ஒருத்தர் கூட வந்தாத்தான் பிள்ளையைச் சேப்பாங்களாம். உலகு அம்மாவைக் கேக்கல சார், என்னையக் கேட்டா. அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறே இறங்கல, அம்புட்டு சந்தோசம்.

ஆனா எம் பொண்டாட்டி சண்முகவடிவு தலையாட்டணுமே. "தெருமுனையில பால் வாங்கக் கார்ல போற மனுசனை நம்பி எம்பிள்ளையை மலைக்கு அனுப்பவா?"ன்னு கேட்டா. இன்னைக்குப் பேர் குடுக்கணும். உலகு எப்படியும் போயிருவோம்னு நம்பி ரெண்டு பையையும் கட்டியே வச்சுட்டா. வடிவு எம் பையை மடிகிட்ட இழுத்து வச்சு, உள்ள என்னென்ன இருக்குன்னு பாக்க உக்காந்துட்டா.

நான் நிதானமாச் சொன்னேன். "வடிவு, உனக்கு என்னைத் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தி நான் குற்றால மலைக்கு மேல தன்னந்தனியா ஏழு நாள் இருந்தவன். கையில ஒரு சோத்துப் பொட்டலம் கிடையாது. அங்க ஒரு பலாப்பழம் விழுந்து கிடந்துது. சுளையைத் தின்னுக்கிட்டே அதுக்குள்ள குனியாமப் போயி குனியாம வந்தேன். நாலாவது நாள்தான் அந்தக் கோடியில ஒரு கரடியும் உக்காந்து சுளை பிச்சுக்கிட்டு இருக்கிறதே எனக்குத் தெரியும்."

"எப்பா, கரடி எப்படி உள்ள வந்துச்சு?"ன்னு கேட்டா உலகு.

"பழத்துக்கு ரெண்டு வாசல்ட்டி."

வடிவு பையில இருந்த புளிக்காய்ச்சல் டப்பா, சத்துமாவு, கடலைமிட்டாய் எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சா. "சரி, சாப்பாடு வேண்டாம். குளிருக்கு என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்டா.

"மேகம் எதுக்கு இருக்கு? தாழ வந்த ஒண்ணைப் பிடிச்சு, ரெண்டா மடிச்சுப் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன். காலையில எந்திச்சு நல்லா ஒரு உதறு உதறினேன். அன்னைக்கு ஆலங்குளத்துல மழை."

"எப்பா, ஆலங்குளத்துலயா? அங்க எங்க மழை பெய்யும்?"

"அதான சொல்லுதேன்! அந்த வருசம் பெஞ்சது அந்த ஒரு மழைதான்."

வடிவு கம்பளியை எடுத்து வெளிய வச்சா. அட்டைக்கு வச்சிருந்த உப்புப் பொட்டலத்தை அவ தொடும்போதே நானா முந்திக்கிட்டேன். போன வருசம் குற்றாலத்துல என்னைக் கடிச்ச அட்டை தண்ணி தண்ணின்னு ஓடினதைச் சொன்னேன். எங்க வீட்டுக் குழம்புல காரம் அப்படி. அவ பெருமைக்குத்தான் சொன்னேன், அவ கண்ணைக்கூடச் சிமிட்டல. உப்பும் வெளிய போச்சு.

"ஏங்க, புலி இருக்குமாமே?"

சிரிக்காதீங்க சார், கிளட்ச்சுல இருந்து காலை எடுங்க. இது சத்தியமா நடந்தது.

"இருந்துச்சு. ஒத்தையடிப் பாதை. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். நான் ஏறுதேன், அது இறங்குது. ரெண்டு பேரும் மூக்கோட மூக்கு முட்டி நிக்கோம். நான் அப்ப லைசென்ஸ் எடுத்த புதுசு. தைரியமாச் சொன்னேன், 'இந்தா பாரு, மலைப்பாதையில ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டிதான் வழி விடணும், இது சட்டம்.' புலி கொஞ்சம் யோசிச்சுது. அப்புறம் பின்னால திரும்பிப் பாத்துப் பாத்து, வளைவு வரைக்கும் ரிவர்ஸ்லயே போயி ஒதுங்கி நின்னுச்சு. நான் கை காட்டிட்டுப் போயிட்டேன்."

"ஹாரன் அடிச்சுச்சாப்பா?"

"காட்டுக்குள்ள அடிக்கக் கூடாதுட்டி."

டார்ச்சும் விசிலும் வெளிய போச்சு. பை துவண்டு போச்சு. ஆனாலும் என் வாய் நிக்கல. "அதைவிட, இறங்கும்போது ஒரு யானைக்குக் கால் சுளுக்கிருச்சு. தோள்ல தூக்கிப் போட்டு அடிவாரம் வரைக்கும் கொண்டாந்து விட்டேன்."

"குட்டியாப்பா?"

"தாய். குட்டி என் விரலைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே நடந்து வந்துச்சு."

வடிவு பைக்குள்ள கையை விட்டுக் கடைசியா ரெண்டு சாமானை எடுத்தா. கால் முட்டுக்குப் போடுற உறை ஒண்ணு, வலித் தைலம் ஒரு பாட்டில். நான் வைக்கச் சொல்லல. உலகுதான் எங்கிட்டச் சொல்லாமலே வச்சிருக்கா.

"யானையைத் தூக்கின முட்டுக்கு இது எதுக்கு?"ன்னு வடிவு அதையும் வெளிய வைக்கப் போனா.

"அது இருக்கட்டும் வடிவு."

"ஏன்?"

"ரெண்டு மாடி ஏறினா வலது முட்டு வலிக்கு. நான் மெதுவாத்தான் நடப்பேன். முடியலன்னா உக்காந்திருவேன், பிள்ளைகிட்ட மறைக்க மாட்டேன். வார வருசம் அவ பிளஸ் டூ, அப்புறம் எந்த ஊருக்குப் படிக்கப் போறாளோ. இந்த ஏழு நாளை விட்டா எனக்கு வேற நாள் இல்ல."

வடிவு உறையையும் தைலத்தையும் பைக்குள்ளயே வச்சா. "முட்டு வலிச்சா வலிக்குன்னு சொல்லாத மனுசன் கூட எப்படிப் பிள்ளையை அனுப்பன்னுதான் எனக்குப் பயம். இதைச் சொல்ல ஒரு புலி, ஒரு யானை, ஒரு கரடி வேண்டியிருக்கு உங்களுக்கு"ன்னா. வெளிய கிடந்த எல்லாத்தையும் திரும்ப உள்ள அடுக்கினா. போதாததுக்கு அடுப்படிக்குப் போயி ஒரு தூக்குச்சட்டி முறுக்கும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கொண்டாந்து திணிச்சா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, ஊறுகாய் நெடின்னு சொல்லிச் சமாளிச்சுட்டேன்.

உடனே மாட்டிப் பாக்கலாம்னு பையைத் தூக்கினேன். அசையல.

"யானையைத் தூக்கினீங்களே"ன்னா வடிவு.

"அந்த யானை கொஞ்சம் ஒத்துழைச்சுது. இது ஒத்துழைக்க மாட்டேங்கு."

உலகு முதுகுல அவ பையை மாட்டிட்டு வந்தா. எம் பையை அப்படியே தூக்கி நெஞ்சுப் பக்கம் மாட்டினா. வாசலை மறிச்சுக்கிட்டு நான் நிக்கேன். என்னைய ஏற இறங்கப் பாத்தா.

"எப்பா, ஏறுற வண்டிக்கு வழி விடுங்க."

நான் ரிவர்ஸ் எடுத்துச் சுவரோரமா நின்னுக்கிட்டேன்.